வாலைக் கொடுத்துப் பாட்டு வாங்கிய கரிச்சான்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதைவிட அதிகமாகப் புலம்பின. அந்தப் புலம்பலுக்குத்தான் பாட்டு என்று பெயர். தொண்டை நன்றாக இருக்கிறது என்பதற்காக யாரும் பாடிவிட முடியாது. ஒரு கஷ்டம் வந்திருக்க வேண்டும், அது நிஜமான கஷ்டமாகவும் இருக்க வேண்டும்.

மலைக்காட்டில் ஒரு பெரிய நாவல் மரம் இருந்தது. மழை தொடங்குவதற்கு முன்னால் எல்லாப் பறவைகளும் அங்கே கூடும். ஒவ்வொருவராக நடுக்கிளையில் ஏறி, தன் பாட்டு எப்படிப் பிறந்தது என்ற கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு பாட வேண்டும். மனசில் கஷ்டத்தை அடைத்து வைத்துக்கொண்டு அடை காத்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். அதனால் பாடி முடித்தவருக்குத்தான் கூடு கட்டக் கிளை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடுக்கிளையில் ஏறலாம். பாடாவிட்டால் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வேறு மலைக்குப் போய்விட வேண்டியதுதான்.

கூட்டத்துக்குத் தலைவர் இருவாச்சி. பெரிய அலகு, அதைவிடப் பெரிய மிடுக்கு. அவர் சிறகடித்தால் எழுகிற இரைச்சலில் அவர் சொல்வது யாருக்கும் கேட்காது. ஆனாலும் எதையாவது சொல்லிக்கொண்டேதான் பறப்பார்.

இந்தக் காட்டில் ஒரு கரிச்சானும் அவன் மனைவியும் புதிதாகக் குடித்தனம் தொடங்கினார்கள். கரிச்சானுக்குப் பளபளவென்று கறுப்பு உடம்பு. வாலில் இரண்டு நீளமான இறகுகள், அடியிலிருந்து நுனிவரை அடர்த்தியாக, பட்டு நாடா மாதிரி தொங்கும். போகிற வருகிற பறவைகள் நின்று பார்க்கும். அவனும் நின்று காட்டுவான்.

அவனுக்கு ஒரே ஒரு பிரச்சனை. அவனுக்குப் பிரச்சனையே இல்லை.

"ஏங்க, கூட்டம் நெருங்குது. உங்க பாட்டு என்னாச்சு?" என்று மனைவி கேட்டாள். "எனக்கு முட்டை வைக்கிற நாள் வந்துடுச்சு. இனிமே வேற மலைக்கெல்லாம் என்னால பறக்க முடியாது, சொல்லிட்டேன்."

கரிச்சான் உடனே கஷ்டத்தைத் தேடிக் கிளம்பினான். பட்டினி கிடந்து பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். புற்றிலிருந்து ஈசல் கிளம்பி அவன் மூக்குக்கு நேராகவே பறந்தது. எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டான். வெயிலில் வாடிப் பார்க்கலாம் என்று மொட்டைப் பாறையில் போய் நின்றான். எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து நிழல் போட்டது.

சரி, மற்றவர்களுக்குக் கஷ்டம் எப்படி வந்தது என்று விசாரிப்போம் என்று புறப்பட்டான்.

செம்போத்து புதருக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சண்டை. கோவிச்சுக்கிட்டு புதருக்குள்ள போனாரு. நானும் தேடிப் போனேன். நான் இங்கேருந்து 'ஊப் ஊப்'னா அவரு அங்கேருந்து 'ஊப் ஊப்'ங்கறாரு. குரல் கேக்குது, ஆளைத்தான் காணோம்!"

மரங்கொத்தி, பூச்சியை எந்த மரத்தில் ஒளித்துவைத்தோம் என்பதை மறந்துவிட்டு ஒவ்வொரு மரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். "கெடைக்கல தம்பி. ஆனா தாளம் எப்படி?" என்று கேட்டான். தாளம் பிரமாதமாகத்தான் இருந்தது.

கடைசியாகக் குக்குறுவானிடம் போனான். அவர் பட்டுப்போன மரத்தில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்க பாட்டோட கதை என்ன?"

"நானும் அவளும் சேர்ந்து மரத்துல பொந்து கொத்தினோம்ப்பா. நான் ஒரு கொத்து, அவ ஒரு கொத்து. வேலை முடிஞ்ச அன்னிக்கு, 'நீ முதல்ல உள்ள போய்ப் பாரு, நான் பழம் கொண்டாறேன்'னேன். திரும்பி வந்தா மரம் காத்துல சாஞ்சு கெடக்கு." அவர் கீழே கிடந்த கட்டையைப் பார்த்தார். "அன்னிலேருந்து 'குட்ரூ, குட்ரூ'ன்னு கூப்பிட்டுப் பாக்கறேன். வேறென்ன செய்ய?"

கரிச்சான் ஈசலையெல்லாம் மறந்துவிட்டான். மறுநாளும் அவரிடம் போனான். அதற்கு மறுநாளும் போனான். அந்தப் பாட்டின் ஏற்ற இறக்கம் எல்லாம் தானாகவே அவன் தொண்டையில் பதிந்துவிட்டது. ஆனால் அது அவருடைய பாட்டு, அதை அவன் பாட முடியாது. அதனால் கூட்டத்துக்கென்று தானே ஒரு பொய்க் கஷ்டத்தை ஜோடித்து வைத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு தாத்தா இருந்தாராம், அவரைப் பாம்பு விழுங்கிவிட்டதாம். மனைவி கேட்டுவிட்டு, "தாத்தா பாவம். ஆனா நம்புற மாதிரிதான் இருக்கு" என்றாள்.

கூட்ட நாள் வந்தது. செம்போத்து அழுதாள், மரங்கொத்தி தட்டினான், எல்லாரும் தலையாட்டினார்கள். கரிச்சானுக்கு முந்தின முறை குக்குறுவானுடையது. அவர் நடுக்கிளையில் ஏறினார். "நானும் அவளும்..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. விழுந்த அந்த மரத்தின் கட்டையில் ஒரு புதுத் துளிர் விட்டிருந்ததை அவர் அன்று காலையில்தான் பார்த்திருந்தார். அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது, பிறகு திறக்கவே இல்லை.

இருவாச்சி கனைத்தார். "பாட்டில்லாட்டி கிளையில்லை. சட்டம் சட்டந்தான்."

குக்குறுவான் தலையைக் குனிந்துகொண்டு கிளையைவிட்டு இறங்கினார். அந்தக் கட்டையை விட்டுவிட்டு அவர் எந்த மலைக்குப் போவார்?

"அடுத்தது கரிச்சான்!"

கரிச்சான் ஏறினான். மனைவியைப் பார்த்தான். முட்டையின் கனத்தில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாத்தாவும் பாம்பும் நாக்கு நுனியில் தயாராக இருந்தார்கள். அவன் வாயைத் திறந்தான்.

"நானும் அவளும் சேர்ந்து பொந்து கொத்தினோம். இது என் கதையில்லை, குக்குறுவான் அண்ணனோட கதை" என்றான். முழுவதையும் சொன்னான். பிறகு பாடினான். 'குட்ரூ, குட்ரூ' என்று அந்தக் குரல் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறியது. குக்குறுவான் நிமிர்ந்து பார்த்தார். தன் துக்கத்தை அவர் முதல்முறையாக வெளியிலிருந்து கேட்டார். அவருக்கு அழுகை வந்தது, தொண்டையும் திறந்தது. கடைசி அடியை இருவரும் சேர்ந்தே பாடினார்கள்.

இருவாச்சி படபடவென்று சிறகடித்தார். அவர் ஏதோ கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. உட்கார்ந்த பிறகுதான் கேட்டது. "அடுத்தவர் கஷ்டத்தை ஓசியிலே பாடலாமா? அவருக்கு வலிச்சிருக்கு. உனக்கு என்ன வலிச்சுது?"

கரிச்சான் யோசித்தான். திரும்பி, தன் வாலிறகின் அடியில் அலகை வைத்து ஒரு கொத்து மெல்லிய தூவியைப் பிய்த்து எறிந்தான். "ஆ!" என்றான். "இப்ப வலிச்சுது, தலைவரே."

மரமே சிரித்தது. குக்குறுவானுக்குக் கிளை கிடைத்தது.

அதற்குள் செம்போத்து முன்னால் வந்தாள். "தம்பி, என் பாட்டையும் ஒருதடவை பாடேன். எங்க வீட்டுக்காரரு உன் குரலுக்காவது வர்றாரான்னு பாப்போம்." கரிச்சான் ஒரு கொத்துப் பிய்த்தான், பாடினான். புதரிலிருந்து அவள் புருஷன் எட்டிப் பார்த்து, "யாருடி அது?" என்றான். அவ்வளவுதான், எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். என்னுது, என்னுது! ஒரு பாட்டுக்கு ஒரு கொத்து. அடியிலிருந்து தொடங்கி நுனியை நோக்கித் தூவி குறைந்துகொண்டே போனது. எல்லாரையும் விரட்டித் தின்கிற வல்லூறுகூட ஓரமாக வந்து நின்று, "நான் வந்தாலே எல்லாரும் ஓடிடறாங்க. அதான் என் பாட்டு" என்று வெட்கத்தோடு சொன்னான். கரிச்சான் அதையும் பாடினான். பாதிக் கூட்டம் ஓடியது.

இரண்டு இறகும் நுனியில் மட்டும் துடுப்பு மாதிரி மிஞ்சியிருந்தபோது மனைவி பறந்து வந்தாள். "போதுங்க! அதையும் பிய்ச்சா எனக்கே உங்களை அடையாளம் தெரியாது." பிறகு அவன் வாலைப் பார்த்தாள், தன் வாலையும் பார்த்தாள். "நீங்க மட்டும் இப்படித் திரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்று தன்னுடையதையும் அதே மாதிரி பிய்த்துக்கொண்டு மீதிப் பாட்டுகளை அவள் பாடினாள்.

பாட்டெல்லாம் முடிந்தபின் இருவாச்சிக்குச் சட்டம் நினைவு வந்தது. "எல்லாம் சரி. உன் சொந்தப் பாட்டு எங்கே?"

கரிச்சான் குனிந்து, மரத்தடியில் ஓடிய ஓடைத் தண்ணீரில் தன் வாலைப் பார்த்தான். இரண்டு கம்பி, இரண்டு துடுப்பு. நெஞ்சு அடைத்தது. ஆகா, இதோ கஷ்டம் வந்துவிட்டது என்று வாயைத் திறந்தான். எல்லாரும் காத்திருந்தார்கள். ஆனால் உள்ளேயிருந்து வந்தது குக்குறுவான், செம்போத்து, மரங்கொத்தியின் தாளம். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இதுதான் என் பாட்டு போல, தலைவரே" என்றான்.

இருவாச்சி ஏதோ சொல்லிக்கொண்டே பறந்துபோனார். கேட்கவில்லை என்பதால் கிளை கொடுத்துவிட்டார் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

துடுப்புவால் கரிச்சானின் வால் கம்பியானது அன்றைக்குத்தான். அவன் போகிற இடமெல்லாம் வேறு வேறு பறவைகள் கூட்டமாகப் பின்னால் போவதும், நடுவில் திடீரென்று வல்லூறின் குரல் கேட்டு அவையெல்லாம் அலறி ஓடுவதும் அன்றிலிருந்துதான். நீங்களும் காட்டில் 'குட்ரூ, குட்ரூ' என்ற குரல் கேட்டு நிமிர்ந்தால், பாடுவது ஒரு கறுப்புப் பறவையாக இருக்கலாம். அப்படியானால் பக்கத்துக் கிளையிலும் பாருங்கள். தொண்டை அடைத்துப்போன ஒரு குக்குறுவான் அங்கே உட்கார்ந்து, கடைசி அடி வருவதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்.