குறையில்லாத ஊருக்குக் குடை

மழைக்கே மாதம் மறந்துபோன காலம் அது. ஐப்பசியில் வர வேண்டிய மழை மார்கழியில் வரும். வந்தால் ஊரையே தூக்கிக்கொண்டு போகும். வராவிட்டாலோ, சித்திரை வெயில் தையிலேயே வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் தெருவில் தலைகாட்டவே கூச்சப்பட்டார்கள்.

ஆனாலும் செண்பக நாட்டில் சில ஊர்கள் எப்படியோ சமாளித்தன. பக்கத்து ஊர் முழுகும், இந்த ஊர் முழுகாது. ராஜா செண்பகராயருக்கு ஒரே கவலை. போன வெள்ளத்தில் குடிமக்கள் கூரைமேல் உட்கார்ந்து அழுததைப் படகில் போய்ப் பார்த்தவர் அவர். அடுத்த மழைக்குள் ஓர் ஊரின் உபாயம் எல்லா ஊருக்கும் தெரிந்தாக வேண்டும்.

"ஊர்த் தலைவர்களைக் கூப்பிட்டுச் சபை கூட்டுவோம்" என்றார்.

பிரதானி அனந்தப்பர் முந்திக்கொண்டார். "வெறும் சபை போதாது மகாராஜா! பரிசு வைக்க வேண்டும். எந்த ஊர் உபாயம் சிறந்ததோ அந்த ஊருக்கு முத்துக்குடை!"

சபை கூடியது. பனையேரித் தலைவர் சடையப்பர் எழுந்தார். "எங்க ஊர்ல என்னங்க இருக்கு? எல்லாம் சாமி புண்ணியம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து கோரைக்குடித் தலைவர் வீரணன். "நாங்களும் சாமியைத்தான் நம்பியிருக்கோம்."

செம்மடைத் தலைவி பூவாயி எழுந்திருக்கக்கூட இல்லை. "எங்க சாமியும் அதே சாமிதான்" என்று முடித்துக்கொண்டாள்.

குடை ஒன்றுதானே? தன் உபாயத்தைச் சொல்லி, அடுத்தவன் அதைக் காப்பியடித்துக் குடையைத் தட்டிக்கொண்டு போனால்? அதனால் சபை முழுக்க கப்சிப்.

அந்த அமைதியில் ஒருத்தன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். ராஜாவின் விதூஷகன் மருதக்கூத்தன்தான், வேறு யார்?

பிரதானிக்குக் கூத்தனைக் கண்டாலே ஆகாது. "பாருங்கள் மகாராஜா! நாடே கவலையில் இருக்கிறது, இவனுக்குச் சிரிப்பு. அவ்வளவு கெட்டிக்காரன் என்றால் இவர்களைப் பேச வைக்கட்டும். முடியாவிட்டால் மீசையை எடுத்துவிட வேண்டும்!"

கூத்தனின் மீசை லேசுப்பட்ட மீசை அல்ல. நெய் தடவி, முறுக்கி, எலுமிச்சம்பழத்தை நிறுத்திப் பார்த்து வளர்த்த மீசை. பெற்ற பிள்ளையைக்கூட அவன் இவ்வளவு சீராட்டவில்லை என்று அவன் மனைவிக்கே வருத்தம்.

ராஜாவும் எரிச்சலில் இருந்தார். "சரி. சாயங்கால முரசு கொட்டுவதற்குள் பேச வை" என்றுவிட்டார். சவரக் கத்தியோடு ஒருவர் வந்து கூத்தன் பக்கத்திலேயே உட்கார்ந்து தீட்ட ஆரம்பித்தார். கூத்தன் ஒரு கையால் மீசையைப் பொத்திக்கொண்டான். அப்படியே எழுந்து தொண்டையைக் கனைத்தான்.

"தலைவர்களே! ராஜா போட்டியை மாற்றிவிட்டார்."

"நானா?" என்றார் ராஜா.

கூத்தன் கண்ணைச் சிமிட்டினான். "உங்கள் ஊர் ரகசியம் எதையும் சொல்ல வேண்டாம். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குறையில்லாத ஊருக்கே குடை! எந்த ஊரில் என்ன குறை என்று மற்ற ஊர்க்காரர்கள் சொன்னால் போதும்."

அவ்வளவுதான். மடை உடைந்தது.

"நான் சொல்றேங்க!" என்று குதித்தார் சடையப்பர். "இந்தக் கோரைக்குடிக்காரங்க இருக்காங்களே, நெல்லை மனுஷங்க மாதிரி தரையிலயா வைக்கிறாங்க? ஆள் உயரத்துக்குக் கல்தூண் நட்டு, அதுமேல நெற்குதிர் கட்டி வச்சிருக்காங்க. மழை ஈரத்துல எங்க நெல்லெல்லாம் முளைச்சுப் போச்சு. இவங்க மேல உக்காந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க!"

வீரணன் மீசை துடித்தது. "சிரிக்கவா தூண் நட்டோம்? தூணுக்குத் தலையில சட்டி கவிழ்த்து வைக்கணும்யா, இல்லேன்னா எலி ஏறிடும். அது எவ்வளவு பாடு, உனக்கென்ன தெரியும்? உன் ஊர் லட்சணத்தைச் சொல்லவா? ஏரிக்கரை பூரா வெட்டிவேரை நட்டு வச்சிருக்கே. எங்க ஆடு வந்தா ஒரு வாய் புல்லுக்கு வழி உண்டா?"

"வேர் ஆழமா இறங்கி மண்ணைப் பிடிச்சுக்குது, கரை உடையல! உன் ஆட்டுக்காகக் கரையை உடைச்சுக்கச் சொல்றியா?"

"எங்க ரெண்டு பேரையும் விடுங்க" என்று வீரணன் திடீரென்று பூவாயியைக் கை காட்டினார். "இந்தம்மா ஊர்ல ஒரே வயலுக்கு ரெண்டு நாற்றங்கால் போடுறாங்க மகாராஜா! ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்தி. முதல் நாத்து முழுகினா ரெண்டாவதை எடுத்து நடுறாங்க. பஞ்சாங்கத்துக்கு இதைவிட அவமானம் உண்டா?"

பூவாயி எழுந்தே விட்டாள். "மழை பஞ்சாங்கம் படிச்சிட்டா வருது? ரெண்டாவது நாத்தை மேட்டு நிலத்துல விடணும். அதுகூடத் தெரியாம வந்துட்டாரு!"

"மேட்டு நிலத்துலயா?" என்று பின்னாலிருந்து நாலு குரல் கேட்டது. "எத்தனை நாள் தள்ளிம்மா விதைக்கணும்?" "அந்தச் சட்டி வாய் அகலமா இருக்கணுமா?" "யோவ் சடையப்பா, வெட்டிவேர் நாத்து குடுப்பியா?"

பார்க்கணுமே அந்தக் கூத்தை! திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டவர்கள் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். வெட்டிவேருக்குப் பதிலாகக் கல்தச்சரை அனுப்புவதாக வீரணன் பேரம் பேசினார். முரசு கொட்டியது யார் காதிலும் விழவில்லை. முத்துக்குடை ஒரு மூலையில் சாத்தி வைத்தபடியே இருந்தது, கேட்பாரில்லை.

கத்தி தீட்டியவர் பெருமூச்சோடு கத்தியை மடக்கினார். கூத்தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். உயிர் வந்தது.

ராஜாவுக்கோ ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. அடுத்த மழைக்கு யாரும் கூரையேற வேண்டியதில்லை! கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார்.

"எப்படியடா இந்த யோசனை வந்தது?"

"தன் கெட்டிக்காரத்தனத்தை மறைக்க மனுஷனால் முடியும் மகாராஜா. அடுத்தவன் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியாது."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பலே! அப்படியானால் என் அரண்மனையில் யார் கெட்டிக்காரன் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

கூத்தன் பணிவாகக் கும்பிட்டான்.

"பிரதானியைக் கூப்பிட்டு என்னைப் பற்றி விசாரியுங்கள், மகாராஜா!"