பிரியாணிக் கடையில் கேட்ட வழி

குற்றாலம் பிள்ளை பெரிய பண்ணையார். வெளியூரில் சாப்பிட்டால் அது சுத்த சைவமாகவும் இருக்க வேண்டும், ருசியாகவும் இருக்க வேண்டும். ஒருநாள் பயணத்தில், ‘உயர்தர சைவம்’ என்ற பலகையைப் பார்த்து அவரே ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தார். சாம்பார் ஊசிப்போயிருந்தது. கோபம் டிரைவர் மாடக்கண்ணு மேல் திரும்பியது.

“அரை மணியில நல்ல சாப்பாடு காட்டு. இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு பஸ் ஏறிடு.”

மாடக்கண்ணுவுக்கும் அந்த ஊர் புதுசு. வண்டியை நேரே ஒரு பிரியாணிக் கடை வாசலில் நிறுத்தினான். பிள்ளை துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இவன் உள்ளே போய் முதலாளியிடம் கேட்டான்.

“அண்ணாச்சி, புரட்டாசி விரதத்துக்கு நீங்க எங்க சாப்பிடுவீங்க?”

“பெருமாள் கோயில் சந்துல மங்களத்தம்மா மெஸ். வேற எங்க போறது?”

அந்த மெஸ்ஸில் வாழைப்பூப் பொரியலும் மிளகுக் குழம்புமாக வயிறு நிறைந்த பிறகும் பிள்ளை சோறு கேட்டு வாங்கினார்.

“ஏன்டா அங்க போய்க் கேட்டே?”

“சைவக் கடைக்காரர் தன் கடையைத்தான் சொல்லுவார், ஐயா. இவருக்கு அந்தப் போட்டி இல்லையே.”

பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லப்போறேன்.”

“தாராளமா சொல்லுங்க ஐயா. பிரியாணிக் கடைக்குள்ள போனது யாருன்னு அம்மா கேட்டா, நான் என்ன சொல்லட்டும்?”

பிள்ளை உடனே பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, நின்றுகொண்டிருந்த மாடக்கண்ணுவைக் காட்டினார்.

“இவருக்கும் என் பக்கத்துல ஒரு இலை போடுங்க. பாயசம் தாராளமா ஊத்துங்க.”