பதினாறு டிகிரி தாய்மாமன்

விமான நிலையத்தில் எடை போடுகிறார்களே, அது பெட்டியை மட்டும்தான். மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் கொட்டாங்குளத்துக்காரர்கள் நாலு பேரும் மதுரையைத் தாண்டியிருக்க மாட்டார்கள், எனக்கும் சொல்ல ஒரு கதை கிடைத்திருக்காது.

வளைகுடாவில் ஒரு நாடு. எந்த நாடு என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே ஒரு வருசம் கழித்துத்தான் தெரிந்தது. மீன் அடுக்கி வைக்கிற ஐஸ் கிடங்கில் நாலு பேருக்கும் வேலை, கேம்ப்பில் பதினாலாம் நம்பர் ரூமில் படுக்கை. சோலைமலை யோசிக்கிற ஆள். அவன் யோசிக்க ஆரம்பித்தால் மற்ற மூணு பேரும் சாப்பாட்டைக்கூட நிறுத்திவிட்டு வாயைப் பார்ப்பார்கள். ஜெயசீலன் எட்டாவது வரை இங்கிலீஷ் படித்தவன், செத்தாலும் பொய் சொல்ல மாட்டான். அய்யாக்கண்ணு பயந்த சுபாவம். தூரத்தில் சைரன் கேட்டாலே இவன் இங்கே கையைத் தூக்கி நிற்பான்.

நாலாவது ஆள் தவசி. நம்ம கதை அவனுடையது. தங்கமான மனுசன், இளகின மனசு. அவனுக்கு ஊரில் ஒரே தங்கச்சி, செல்லத்தாய். அவள் மகள் பூவிகாவுக்கு மூணு வயசு. தவசி விமானம் ஏறி நாலு வருசம் ஆகிறது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மருமகளை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. போட்டோவில் பார்த்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை செல்லத்தாய் போன் போட்டாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கோயில்ல பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். நீ வர முடியாதுன்னு தெரியும். வீடியோவுல முகமாச்சும் தெரிஞ்சா போதும்னு பூசாரி சொல்லிட்டாரு."

"முகம் தெரியலைன்னா?"

"அப்ப வேலாண்டி மடிதான்."

வேலாண்டி அவர்களுடைய சித்தப்பா மகன். அவனும் முறைக்கு அண்ணன்தான், ஒண்ணும் சொல்வதற்கில்லை. ஆனால் சின்ன வயசில் தவசியின் பம்பரத்தைக் கிணற்றில் போட்டவன். பம்பரம் போனால் போகட்டும், மடியும் போகிறதா?

இதில் சிக்கல் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாட்டில் போனில் எழுதி அனுப்பலாம், படம் அனுப்பலாம், சும்மா கூப்பிட்டும் பேசலாம். முகம் பார்த்து வீடியோவில் பேசப் போனால் மட்டும் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிச் சுற்றி ஓய்ந்ததும் அறிவிப்பு ஒன்று வந்து நிற்கும். ஜெயசீலன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னான்:

"இந்தச் சேவையை இங்கிருந்து அணுக முடியாது."

சோலைமலை யோசித்தான். மூணு பேரும் காத்திருந்தார்கள்.

"இங்கிருந்துதானே முடியாதுங்கான்? அங்க போய்ப் பார்ப்போம்" என்று கதவோரத்தைக் காட்டினான்.

கதவோரம் போய்ப் பார்த்தார்கள். வட்டம் சுற்றியது. குளியலறைக்குப் போனார்கள், மொட்டை மாடிக்குப் போனார்கள், பஸ் ஏறி மூணாவது நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தார்கள். எங்கே போனாலும் "இங்கிருந்து முடியாது" என்றே வந்தது.

"நம்ம கூடவே வருதுடா இந்த 'இங்க'" என்றான் அய்யாக்கண்ணு. அவனுக்கு வேர்த்துவிட்டது. வெயிலும் ஒரு காரணம்.

ரூமுக்குத் திரும்பியதும் ஜெயசீலன் அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தான். "இது தவறுதலாகத் தடுக்கப்பட்டதாக நீங்கள் கருதினால் எங்களுக்கு எழுதவும்."

"எழுதுலே!" என்று தவசி துள்ளினான்.

"எப்படி எழுத? நம்ம அப்படிக் கருதலையே. தெரிஞ்சுதானே தடுத்திருக்காங்க. கருதாததைக் கருதுறோம்னு எழுதினா பொய்யில்லையா?"

ஒன்றரை மணி நேரம் கருதுவதா வேண்டாமா என்று பேசினார்கள். கடைசியில் ஜெயசீலன் உண்மையையே எழுதி அனுப்பினான்: "மதிப்பிற்குரிய ஐயா, நீங்கள் தவறுதலாகத் தடுக்கவில்லை, சரியாகத்தான் தடுத்திருக்கிறீர்கள் என்று நாங்கள் நால்வரும் கருதுகிறோம். ஆனாலும் காது குத்து இருப்பதால் வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் திறந்துவிடவும்."

உடனே பதில் வந்தது. "உங்கள் பாராட்டுக்கு நன்றி."

வேறு வழியில்லாமல் தவசி தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போனான். கடை செய்யது காக்காவுடையது. காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அந்த நாட்டில் இருபத்தஞ்சு வருசம் குப்பை கொட்டியவர். நல்ல மனுசன், கொஞ்சம் அவசரக்காரர். அன்றைக்குக் கடையில் கூட்டம் வேறே.

"சில பயலுவ என்ன செய்வான்னா தம்பி, போனை வேற நாட்டுல இருக்கிறதா நம்ப வச்சிருவான். அப்ப எல்லாம் வேலை செய்யும். அது சட்டப்படி தப்பு, நீ அந்தப் பக்கம் போயிராத" என்று சொல்லிவிட்டு, வெங்காயம் நிறுக்கத் திரும்பிவிட்டார்.

இதைத் தவசி ரூமுக்கு வந்து அப்படியே சொன்னான்.

"போன் எப்படிலே நம்பும்?" என்றான் அய்யாக்கண்ணு.

"நம்ம எப்படி நம்புறோம்? கண்ணால பாக்கோம், காதால கேக்கோம். போனுக்கும் முன்னாடி ஒரு கண்ணு, பின்னாடி ஒரு கண்ணு இருக்கு. கீழ காது இருக்கு. நமக்கு இல்லாத பின்னங்கண்ணுகூட அதுக்கு இருக்கு" என்றான் சோலைமலை.

"ஆனா தப்புன்னு காக்கா சொல்லியிருக்காருல்லா?" என்றான் அய்யாக்கண்ணு.

இதற்கு ஜெயசீலன் தீர்ப்புச் சொன்னான். "போன்கிட்ட பொய் சொன்னாத்தான் தப்பு. நம்ம ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். ரூமை நம்ம இஷ்டத்துக்கு வச்சிருக்கோம். பாத்துட்டு அதுவா ஒண்ணு நினைச்சா நம்ம என்ன செய்ய?"

அடடா, இப்படி ஒரு வக்கீல் மூளையை ஐஸ் கிடங்கில் போட்டு வைத்திருக்கிறார்களே!

அடுத்தது எந்த நாடு என்ற பிரச்சினை. "இந்தியான்னு நினைக்க வைப்போமே" என்றான் தவசி.

"கிறுக்கா, இது இந்தியாவுல வாங்கின போன். அந்த ஊரு அதுக்கு அத்துப்படி. ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிரும். அது பார்க்காத நாடா இருக்கணும்" என்றான் சோலைமலை.

அய்யாக்கண்ணு கட்டிலுக்கு ஒரு திரை வைத்திருந்தான், தள்ளுபடியில் வாங்கியது. அதில் பனிமலை, மரவீடு, கழுத்தில் மணி கட்டிய ஒரு மாடு. மாட்டைப் பார்த்ததும் சுவிட்சர்லாந்து என்று முடிவானது.

"அப்ப போனை நம்ம ஐஸ் கிடங்குக்கே கொண்டு போயிரலாமே, குளிரு கிடக்கே" என்றான் தவசி.

"மீன் வாடை அடிக்கும். சுவிஸ்ல கடல் கிடையாது. மாட்டிக்கிடுவோம்" என்றான் சோலைமலை. யோசிக்கிற ஆள் என்று நான் சும்மா சொல்லவில்லை.

புதன்கிழமை காலையிலிருந்து போன் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ஏ.சி.யைப் பதினாறில் வைத்தார்கள். கிடங்கில் போடுகிற தடிச் சட்டையை ரூமிலும் போட்டுக்கொண்டார்கள். போன் காதில் விழுமாறு தமிழ் பேசக் கூடாது என்று உத்தரவு. சுவிஸ் பாஷை யாருக்கும் தெரியாததால், சோறு வேண்டுமென்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்கள். மாட்டுக்கு மணி இருக்கிறதே என்று ஜெயசீலன் மட்டும் அவ்வப்போது தட்டில் கரண்டியால் டிங் டிங் என்று தட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வியாழக்கிழமை மத்தியானம் வெளியே போய் வந்த அய்யாக்கண்ணு, சட்டையைக் கழற்றி உதறி, "யப்பே! என்னா வெயிலு, நாப்பத்தெட்டு டிகிரி!" என்று போன் முன்னாலேயே கத்திவிட்டான்.

சோலைமலை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். தவசிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றரை நாள் பட்ட பாடு ஒரு வாயால் போச்சே! அய்யாக்கண்ணு பாவம், உடனே பல்லைக் கடித்து, கிடுகிடுவென்று நடுங்கிக் காட்டினான். போன் எதை நம்பியதோ தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தவசி போனைத் தடிச் சட்டைக்குள் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி மார்போடு அணைத்து, செய்யது காக்கா கடைக்குப் போனான். ரீசார்ஜ் பண்ண வேண்டும்.

"ஏன் தம்பி அதைச் சுத்தி வச்சிருக்கே? காய்ச்சலா?"

தவசி அவரைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய், காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னான். மாடு, மணி, நாப்பத்தெட்டு டிகிரி ஒன்றும் விடவில்லை. "நாளைக்கு முகம் தெரியலைன்னா என் மருமக வேலாண்டி மடியில உக்காந்திரும் காக்கா" என்று முடித்தான்.

காக்கா ஒரு நிமிசம் வானத்தைப் பார்த்தார். அன்றைக்கு வெங்காய அவசரத்தில் பாதியில் விட்டது அவர்தானே. அந்த நாட்டு அரசாங்கமே அனுமதித்த வீடியோ ஆப் ஒன்று இருக்கிறது. கடைக்குள் போய் அதைத் தவசி போனில் ஏற்றினார். அவரே ஊருக்குக் கூப்பிட்டு, செல்லத்தாய் வீட்டுக்காரரையும் அதையே ஏற்ற வைத்தார். பத்து நிமிச வேலை. அந்தப் பத்து நிமிசமும் தவசி பேரீச்சம்பழப் பெட்டிகளைப் போன் பார்த்துவிடாமல் அதன் இரண்டு கண்ணையும் விரலால் பொத்திப் பிடித்திருந்தான்.

"நாளைக்கு நம்ம ஊர்ல பத்துன்னா இங்க எட்டரை, எட்டரைக்கு இந்தப் பச்சையை அமுக்கு. அம்புட்டுத்தான். உள்ளூர்லேயே வேலை செய்யும், புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது காக்கா" என்றான் தவசி. எதுவும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தவசி குளித்து, வேட்டி கட்டி, மேலே தடிச் சட்டை போட்டு, மலைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மற்ற மூணு பேரும் பின்னால் நின்றார்கள். பதினாறு டிகிரியில் பல் தந்தி அடித்தது. இந்திய நேரத்துக்குப் பத்து ஆனதும் பச்சையை அமுக்கினான்.

வட்டம் சுற்றவில்லை. செல்லத்தாய் முகம் வந்தது!

"நம்பிருச்சுலே!" என்று சோலைமலை தமிழிலேயே கத்திவிட்டான்.

"அண்ணே! என்னண்ணே இப்படி இளைச்சிட்ட? பின்னால என்ன, மலையும் மாடுமா? மாடு மேய்க்கவா விட்டுட்டாங்க?" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் இடுப்பில் மொட்டையடித்துச் சந்தனம் பூசின ஒரு தலை. பச்சைப் பட்டுப் பாவாடை. பூவிகா தவசியைப் பார்த்து நாக்கை நீட்டினாள். அவன் உருகிப் போனான். பதிலுக்கு அவனும் நீட்டினான், குளிரில் உள்ளே இழுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஓரமாக வேலாண்டி புதுச் சட்டை போட்டுத் தயாராக நின்றான். பூசாரி போனை உற்றுப் பார்த்தார். "மாமன் முகம் தெரியுது. சரி, பிள்ளையை மாமன் மடியில உக்கார வைங்க" என்றார்.

பூசாரியும் கொட்டாங்குளத்துக்காரர்தான் என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். செல்லத்தாய் வீட்டுக்காரரான மச்சானும் அப்படியே. மச்சான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் போனை மல்லாக்க வைத்தார். தவசிக்கு வேப்பமரத்துக் கிளை தெரிந்தது. அப்புறம் பச்சைப் பாவாடை மேலேயிருந்து மெதுவாக இறங்கியது. அப்புறம் ஒரே இருட்டு.

"சுவிஸ்ல பொழுது அடைஞ்சிருச்சு போல" என்றான் சோலைமலை.

"இல்லலே, கண்டுபிடிச்சிட்டாங்க!" அய்யாக்கண்ணு இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

தவசிக்குத் தாங்கவில்லை. "ஒரு நிமிசங்கூட முழுசாப் பாக்கலையே! நாலு வருசம்டா! வேலாண்டி பய உக்கார வச்சிட்டானா?" என்று வாய்விட்டு அழுதான்.

இருட்டுக்குள்ளிருந்து தங்கச்சி குரல் அமுங்கிக் கேட்டது. "அண்ணே, ஏன் அழுத? பிள்ளை உன் மடியிலதான் உக்காந்திருக்கா!"

தவசி சட்டென்று அழுகையை நிறுத்தினான். குனிந்து தன் மடியைப் பார்த்தான். காலை ஒழுங்காக மடக்கி, வேட்டியைச் சரிசெய்து, இரண்டு கையையும் வளைத்து அணைவாக வைத்துக்கொண்டான்.

"ஆங், இப்ப சரி. குத்தச் சொல்லு" என்றான்.

முதல் காது. வீல் என்று ஒரு சத்தம். தவசி முழங்காலை ஆட்டி ஆட்டி, "ஆச்சு தங்கம், ஆச்சு, அவ்வளவுதான்" என்றான். இரண்டாம் காது. ஜெயசீலன் தாங்க முடியாமல் தட்டை டிங் டிங் என்று தட்ட, அழுகை மெல்ல அடங்கியது. கொஞ்ச நேரத்தில் செல்லத்தாய் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, மணிச்சத்தம் கேட்டு அப்படியே தூங்கிட்டா. தாய்மாமன் மடியில தூங்குற பிள்ளையை எடுக்கக் கூடாதுன்னு பூசாரி சொல்லுதாரு. நாங்க எல்லாரும் சாப்பிடப் போறோம். நீ பாத்துக்க."

"நீ போ. நான் அசைய மாட்டேன்" என்றான் தவசி.

ஒரு மணி நேரம் கழித்து, வேலை செய்ததா என்று பார்க்கச் செய்யது காக்கா ரூமுக்கு வந்தார். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. மாட்டுக்கு முன்னால் நாலு பேரும் உதடு நீலம் பாரித்து ஆடாமல் அசையாமல் இருந்தார்கள்.

"ஏலே, செத்துப் போவீங்க! முதல்ல அந்த ஏ.சி.யை அமத்து. தவசி, எந்திரி!"

"ஷ்ஷ்ஷ்!" என்றன நாலு வாயும். தவசி வெறும் மடியைக் கண்ணால் காட்டினான். "கால் ரெண்டும் மரத்துப் போச்சு காக்கா. பிள்ளை நல்ல கனம். ஆனா எந்திரிச்சா முழிச்சிரும்."

காக்கா வாயைத் திறந்தார். மடியைப் பார்த்தார். இருட்டான போனைப் பார்த்தார். அதிலிருந்து மெல்லிசாக ஒரு குறட்டை வந்துகொண்டிருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் உள்ளே வந்து, தவசிக்கு எதிரே குத்தவைத்து, தன் சால்வையை எடுத்து அந்த வெறும் மடியில் போர்த்தினார்.

"தலை எந்தப் பக்கம் வச்சிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். "மூக்கை மூடிறப் போவுது."