பாவாயி தின்ன பணியாரம்

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. பேரு பாவாயி. ம் சொல்லு பாப்பா, இல்லாட்டி அத்தை கதையை நிறுத்திடுவேன். ஆங். அவளுக்கு உலகத்துலேயே புடிச்சது வெல்லப் பணியாரம். பொறந்த வீட்டுல அவ அம்மா சுட்டுப் போடும், இவ உக்காந்து தின்னுவா, அவ்வளவுதான். சுடத் தெரியாது. கட்டிக்கிட்டு வந்த வீட்டுல அதைச் சுடுற வழக்கமே இல்லை. அம்மாவும் போயி சேந்துடுச்சு. சரி, நாமளே கத்துக்குவோம்னு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, ஆட்டுக்கல்லுல கடகடன்னு ஆட்டினா.

மொதத் தடவை மாவு கெட்டியாயிடுச்சு. பணியாரம் தட்டுல டொக்கு டொக்குன்னு கல்லாட்டம் விழுந்துச்சு. அந்தக் கல்லையெல்லாம் யாரு தின்னா? பாவாயிதான். ரெண்டாந்தடவை வெல்லம் கூடிப்போயி அடி கருகிடுச்சு. அதையும் அவளேதான் தின்னா. மூணாந்தடவை சுர்ர்ருன்னு பொங்கி, புசுபுசுன்னு உப்பி, வாசம் தெருமுனை வரைக்கும் போச்சு. அதையாவது தின்னாளான்னு கேக்குறியா? எங்க தின்ன விட்டாங்க?

அந்த வீட்டுல ஒரு சட்டம். சமைக்கிறவ வாயில வச்சுப் பாக்கக் கூடாது, எச்சிலாயிடுமாம். எல்லாரும் தின்னப்புறம்தான் அவ உக்காரணும். மாமனார் தின்னாரு, புருஷன் செங்கோடன் தின்னான், கொழுந்தன் தின்னான், மாமியா தின்னுச்சு. அவங்க எந்திரிச்சப்போ தட்டுல எண்ணெய்தான் மிச்சம். எனக்கு இப்ப சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது. கருகினது அவளுக்கு, நல்லது அவங்களுக்கு. இதுல இனிப்பு பத்தலைன்னு மாமியா நொட்டை வேற.

அப்புறம் பொங்கலுக்கு ரெண்டு மடங்கா மாவு ஆட்டினா. தின்னது போக மிஞ்சினதை மாமியா அள்ளி மக வீட்டுக்கு அனுப்பிடுச்சு. பாவாயி அன்னிக்கும் பழைய சோத்தைத்தான் கரைச்சுக் குடிச்சா. ம்?

அப்புறம் ஒருநாள் குலசாமி கோயிலுக்கு எல்லாரும் வேன்ல கெளம்பினாங்க. ஓட்டல்ல தின்னா வயித்துக்கு ஆகாதுன்னு மாமனார் சொல்லிட்டாரு. அதனால ஸ்டவ்வு, பணியாரச் சட்டி, தூக்கு நெறைய மாவு, அத்தனையும் பாவாயி தலையில. தூக்கை மடியில வச்சுக்கிட்டு, சிந்தக் கூடாதேன்னு மூடியை இறுக்கி அமுக்கிட்டா. வெயில் ஏற ஏற உள்ள மாவு புளிச்சுப் பொங்குது. வேன் ஒரு பள்ளத்துல தடக்குன்னு இறங்கினதும், டமார்! மூடி பறந்து, பாதி மாவு மாமியாவோட பட்டுச்சேலையில. நீ சிரிக்கிற. அவ சிரிக்கலை பாப்பா. வழி நெடுக வசவு வாங்கிக்கிட்டே வந்தா.

அப்புறம் ஒரு வாய்க்கா ஓரமா வேன் நின்னுச்சு. பாவாயி ஸ்டவ்வை மூட்டி மிச்ச மாவை ஊத்தினா. மத்தவங்க இலையை விரிச்சு வரிசையா உக்காந்தாச்சு. சுர்ர்ர்... சுர்ர்ர்... மொத ஈடு வெந்துச்சு. கம்பியால குத்தி ஒண்ணை எடுத்தா. அப்போ மாமனார் கேட்டாரு, "இந்தத் தடவையாச்சும் இனிப்பு சரியாப் போட்டிருக்கியா?"

பாவாயி கை அப்படியே நின்னுச்சு. சரியா தப்பான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நல்லா வந்ததை வீடே தின்னுருக்கு, அவ தின்னதில்லையே. ஃபூ, ஃபூன்னு ஊதினா. வாயில போட்டுக்கிட்டா.

அவ மெதுவா மென்னா. இனிப்பு அளவா, பஞ்சாட்டம், அவ அம்மா சுட்டதைவிட நல்லா இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அதுக்கப்புறம் வந்துச்சு பாரு கோவம்.

"இம்புட்டு நல்லா இருக்குறதைத் தின்னுட்டா இத்தனை நாளும் குறை சொன்னீங்க?"

செங்கோடன், அப்பா பசியோட இருக்காருன்னு இழுத்தான். "நானுந்தாங்க பசியோட இருக்கேன்"னு சொல்லிட்டு அடுத்ததை எடுத்தா. அந்த ஈடு முழுக்க அவளே தின்னா. ரெண்டாவது ஈடும் அவளே. மூணாவதும் அவளே. எச்சிலு எச்சிலுன்னு மாமியா கத்துது, இவ திரும்பியே பாக்கலை. வயிறு நெறைஞ்சதும் கரண்டியைச் செங்கோடன் கையில குடுத்துட்டு, கை கழுவ வாய்க்காலுக்குப் போயிட்டா.

என்னது? சாமி கண்ணைக் குத்தலையாவா? அவளை ஏன் குத்துது? குத்துறதா இருந்தா அந்த வேன்ல வேற எத்தனையோ கண்ணு இருந்துச்சு.

சட்டி காலி, கதையும் காலி. கண்ணை மூடு.