எம்பாமல் எடுத்த பந்து

"என்னால முன்ன மாதிரி எம்ப முடியலை, கோச்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ரிம்வீதாஸ் இரண்டு தடவை இடது மூட்டைத் தடவிக்கொண்டான்.

ஏழடிக்கு ஒரு விரற்கடை குறைந்த உயரம். லிதுவேனியாவில் உதேனா என்ற ஊரில் பிறந்து, போலந்து, துருக்கி, ஸ்பெயின் என்று பன்னிரண்டு வருடம் கூடைப்பந்து ஆடிப் பிழைத்தவன். சென்டர் ஆட்டக்காரன். யாரோ எறிந்து தவறிய பந்தை வளையத்துக்கு அடியில் நின்று, எல்லோருக்கும் மேலே எம்பிப் பறிப்பது அவன் வேலை.

மூட்டில் இரண்டாவது ஆபரேஷன் ஆனதும் வெளிநாட்டு கிளப்புகள் கைவிரித்துவிட்டன. சொந்த ஊர் கிளப் மட்டும், கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆடு, அப்புறம் பார்க்கலாம் என்றது.

ஜிவிலே கேட்டுக்கொண்டிருந்தார். அவனுடைய இருபது வயதில் பயிற்சி கொடுத்தவர். இன்றைக்கும் அதே ஹாலில்தான் வேலை.

"முடியலைன்னா எம்பாதே" என்றார்.

"எம்பாம பந்தை எப்படிப் பிடிக்கிறது?"

"கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வளையத்துக்குக் கீழே நில்லு."

நின்றான்.

அவர் தூரத்திலிருந்து ஒரு பந்தை எறிந்தார்.

"எந்தப் பக்கம் விழும்?"

"இடது பக்கம்."

பந்து விளிம்பில் பட்டு வலது பக்கம் தெறித்தது.

அன்றைக்கு நூறு பந்துகளை வேண்டுமென்றே வளையத்துக்குள் விழாதபடி எறிந்தார். அவன் சொன்னதில் முப்பத்தொன்பதுதான் சரி.

மறுநாளும் அதேதான். மறுவாரமும் அதேதான்.

"ஆட வந்தவனை ஜோசியக்காரன் ஆக்கிட்டீங்களே!"

"அதுவும் சரியா வரலையே" என்று சொல்லிவிட்டு ஜிவிலே அடுத்த பந்தை எடுத்தார்.

கை சும்மா இருந்ததால் கண்ணுக்கு வேறு வேலை இல்லை. மூலையிலிருந்து எறிந்த பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போனது. அறுபது பந்துக்குப் பிறகு ஜிவிலேயின் கை சோர்ந்தது. அப்புறம் எல்லாமே வளையத்துக்கு முன்னாலேயே விழுந்தன. ஒருநாள் பந்து அவர் கையை விட்டுப் போவதற்குள்ளேயே அவன் வாயில் பதில் வந்துவிட்டது.

"வலது."

வலதுதான்.

"நான் எறியறதுக்கு முன்னாலேயே எப்படிச் சொன்னே?"

"உங்க முழங்கை வெளியே போச்சு."

ஜிவிலே பந்தைக் கீழே வைத்தார்.

"நாளையிலேருந்து கையை அவிழ்த்துக்கோ."

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, மத்தியான மேட்ச். வெளியே பனி; ஹாலுக்குள் நிற்க இடமில்லை. எதிரணியின் சென்டர் ஆகஸ்தாஸ். இருபத்திரண்டு வயது. அவன் எம்பினால் கூட்டம் தன்னை மறந்து கத்தும்.

கடைசிப் பத்து வினாடி. உதேனா ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அணியில் ஒருவன் மூலையிலிருந்து எறியக் கையைத் தூக்கினான்.

அவன் தோள் லேசாகச் சாய்ந்ததை ரிம்வீதாஸ் பார்த்தான்.

இரண்டு எட்டு நகர்ந்தான். காலை அகட்டி, முதுகால் ஆகஸ்தாஸை மறித்து நின்றான். அவ்வளவுதான்.

ஆகஸ்தாஸ் எம்பினான். அழகான எம்பல். ரிம்வீதாஸின் தலைக்கு மேலே அவன் கை விரிந்தது. பந்தோ விளிம்பில் பட்டு, தாழ்வாகத் தெறித்து, ரிம்வீதாஸின் நெஞ்சுக்கு நேராக வந்தது. இரண்டு கையாலும் வாங்கினான். வளையத்துக்குப் பின்னாலிருந்த பலகையில் மெதுவாக ஒட்டவைப்பதுபோல வைத்தான்.

உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

ஆகஸ்தாஸ் வந்து கை கொடுத்தான்.

"அண்ணே, நீங்க எப்போ அங்கே வந்தீங்க? நான் பார்க்கவே இல்லையே."

ரிம்வீதாஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பையனின் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

மறுநாள் காலையில் கிளப் மேனேஜர் போன் செய்து, சீசன் முடியும்வரை இரு, அடுத்த வருடத்தையும் பேசலாம் என்றார். ரிம்வீதாஸ் பெரிய கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல வாசலில் குனிந்து, ஹாலுக்குள் வந்தான்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதிக் கேக் காலியான பிறகு அவன் பெருமூச்சு விட்டான்.

"ஒரே ஒரு குறைதான், கோச். இருபது வயசுல இது தெரிஞ்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன். அப்பவே நீங்க எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம்."

"சொன்னேனே."

"எப்போ?"

"ஒரு வருஷம் பூரா. இதே ஹாலில்."

அவன் வாயில் கேக்கோடு திகைத்துப்போய்ப் பார்த்தான்.

"என் காதில விழுந்த ஞாபகமே இல்லையே!"

ஜிவிலே விரலில் ஒட்டிய க்ரீமைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி விழும்? நீ எப்பவும் மேலேயே இருந்தே."