தும்பிக்கை திரும்பிய பிள்ளையார்

“சாமி, நான் வரைஞ்ச பிள்ளையாரை நான் வரையலைங்கறாங்க.”

வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் தவசிலிங்கம் இதைச் சொன்னார்.

உலகம்மைச் சாமி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

“முதல்ல செருப்பைக் கழட்டுங்க அண்ணாச்சி. அப்புறம் பிள்ளையாரைப் பார்ப்போம்.”

சாமிக்கு வயது நாற்பது. அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு. வயசு பார்த்தா ஞானம் வருகிறது?

சிவகாசிக்கு வெளியே, ஒரு பாறையடியில் இருந்தது அந்த மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். காவி கட்டுவதற்கு முன்னால் சாமி காலண்டர் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் தகரம் அடித்தவர். காலண்டரின் தலைமாட்டில் தகரப் பட்டை ஒன்று இருக்குமே, அந்த வேலை.

தவசிலிங்கம் அந்தக் காலண்டர்களுக்குச் சாமி படம் வரைகிறவர். நல்ல கை. கோபம் மட்டும் கையைவிட வேகம்.

அவர் கக்கத்தில் பழைய வேட்டி சுற்றிய படம் ஒன்று இருந்தது. அதைக் கீழே வைக்காமலே பேசினார்.

“எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிள்ளையார் வரைஞ்சேன். நாலு மாசம் சாமி! தும்பிக்கை இடது பக்கம் சுழிச்சிருக்கும். ஊர் உலகத்துல எல்லாக் கோயில்லயும் இருக்குமே, அப்படி.”

“ம்.”

“பிரஸ்ல எந்தப் புண்ணியவானோ பிலிமைத் திருப்பிப் போட்டுட்டான். தும்பிக்கை வலது பக்கம் போயிருச்சு. ஒடிஞ்ச கொம்பும் இடம் மாறிப்போச்சு. மூணு லட்சம் காப்பி ஓடின பிறகுதான் பார்த்தாங்க.”

“அடடா.”

“நான் குதிகுதின்னு குதிச்சேன். முதலாளி சிரிக்கிறார். ‘வலம்புரிப் பிள்ளையார் ராசி அண்ணாச்சி, ஜனங்க கேட்டுக் கேட்டு வாங்குறாங்க, பேசாம இருங்க’ங்கறார். அன்னைலருந்து வருஷா வருஷம் அதேதான் ஓடுது. மூலையில போட்ட என் கையெழுத்தும் திரும்பி விழுந்து, இந்தி எழுத்து மாதிரி ஆயிருச்சு. யாரோ வடநாட்டு ஆளு வரைஞ்சதுன்னு பேசிக்கிறாங்க!”

சாமி சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

“சிரிக்காதீங்க சாமி. வயிறு எரியுது.”

“சரி, சிரிக்கலை. சொல்லுங்க.”

“போன மாசம் எங்க தெருவுல கல்யாண மண்டபம் திறந்தாங்க. ஒரிஜினல் படம், மாட்டிக்கோங்கன்னு சும்மாவே கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்டபத் தலைவர் என் படத்தைப் பார்த்தார். சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்தார். ‘நல்லாத்தான் காப்பியடிச்சிருக்கீங்க, தும்பிக்கைலதான் கோட்டை விட்டுட்டீங்க’ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.”

இதைச் சொல்லும்போது அவர் கக்கத்துப் படத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார். சாமி இப்போது நிஜமாகவே சிரிக்கவில்லை.

“அன்னைக்கு பிரஷைக் கீழ வெச்சவன்தான் சாமி.”

அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு வெளியிடுவது சிவகாசி வழக்கம். அந்த நாளைத் தவறவிட்ட படத்துக்கு அந்த வருஷம் இடம் கிடையாது. தவசிலிங்கம் வீட்டிலோ லட்சுமி ஒருத்தி வெறும் பென்சில் கோட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

“பிரஸ்லருந்து தினம் ஆள் வருது. வீட்ல சண்டை. நான் தொடமாட்டேன். அந்தத் திரும்பின பிள்ளையாரை அவங்க நிறுத்தணும். இல்லேன்னா நான் வரையறது இதோட போச்சு.”

“இதுல எனக்கு என்ன வேலை அண்ணாச்சி?”

அவர் வேட்டியைப் பிரித்தார்.

“இந்த மடத்துலயாவது ஒரிஜினல் இருக்கட்டும்.”

மாட்டுவதற்கு இடம் தேடிச் சுவரைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

அங்கே ஆணியில் தொங்கியது அதே வலம்புரிப் பிள்ளையார் காலண்டர். தேதித் தாள் எல்லாம் கிழிந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. படம் மட்டும் புகை படிந்து, நெற்றியில் குங்குமம் அப்பி, ஜம்மென்று இருந்தது.

“நீங்களுமா சாமி!”

“நான் தகரம் அடிச்ச கடைசிக் காலண்டர் அது. வேலையை விட்டப்போ கையோட எடுத்துட்டு வந்துட்டேன்.”

“கழட்டட்டுமா?”

“தாராளமா.”

சண்டைக்குத் தயாராக இருந்தவருக்கு இந்தப் பதில் சப்பென்று ஆகிவிட்டது. காலண்டரைக் கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்தார். தன் படத்தை ஆணியில் மாட்டினார். நாலு அடி பின்னால் வந்து பார்த்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அழகான படம்தான். சாமியே அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, காது மடல்ல இந்த ரோஸ் நிறம் காலண்டர்ல கிடையாதே!”

“அச்சுல செத்துப்போச்சு சாமி! அந்த ஒரு நிறத்துக்கு ஒரு வாரம் உட்கார்ந்தேன்.” அவருக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தக் காதைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் சாமிதான்.

அப்போது சுப்புத்தாய் உள்ளே வந்தாள்.

பட்டாசு ஆலையில் திரி செருகுகிறவள். தினமும் காலை வேலைக்குப் போகிற வழியில் இந்தச் சுவர் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். கையைக் கூப்பினாள். கண்ணை மூடப் போனவள், கையை இறக்கிவிட்டாள்.

“சாமி, பிள்ளையாரை எங்க?”

தவசிலிங்கம் முந்திக்கொண்டார். “இதான்மா ஒரிஜினல். நானே கையால வரைஞ்சது. இதைப் பார்த்துத்தான் அந்தக் காலண்டரை அடிச்சாங்க, அதுவும் தப்பா அடிச்சாங்க.”

அவள் மரியாதையாகப் பார்த்தாள்.

“அழகா இருக்காருங்கய்யா. ஆனா எனக்கு இவரைத் தெரியாதே.”

“என்னம்மா இது, பிள்ளையாரைத் தெரியாதா?”

“பிள்ளையாரைத் தெரியும்ங்க. இவர்கிட்ட நான் பேசினதில்லை. எங்க ஆலையில வெடிச்ச அன்னைக்கு உயிரோட வந்து நின்னது அவர்கிட்டதான். என் வீட்டுக்காரர் குடிச்சது, நிறுத்தினது, மறுபடி குடிச்சது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். இவர்கிட்ட முதல்லருந்து சொல்லணும்னா பஸ் போயிரும்ங்கய்யா.”

மூலையில் இருந்த சுருளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஐயோ பாவம், இப்படியா சுருட்டி வைக்கிறது!”

பிரித்தாள். மாட்ட ஆணி இல்லை. சாமியைப் பார்த்தாள். சாமி மறுபடி உட்கார்ந்து மும்முரமாக அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

“அய்யா, செத்தப் பிடிச்சுக்கிறீங்களா?”

என்ன சொல்வார் மனுஷன்? பிடித்துக்கொண்டார். எட்டு வருஷமாக வாய்க்கு வந்தபடி திட்டிய காலண்டரை, தகரப் பட்டையில் இரண்டு கையையும் கொடுத்து, நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

சுப்புத்தாய் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. கேட்கக்கூடாதென்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் கடைசி வரி காதில் விழுந்துவிட்டது.

“இன்னைக்கும் முழுசா வீடு வந்து சேரணும்ப்பா.”

கை கடுத்தது. அவர் இறக்கவில்லை.

அவள் படத்துக்குக் குங்குமம் வைத்தாள். பிள்ளையாரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கால் சரியாக அண்ணாச்சியின் தொப்பைக்கு மேலே இருந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“வர்றேங்கய்யா. சாயங்காலமும் வருவேன், எங்கயாச்சும் மாட்டி வைங்க.”

தூக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அண்ணாச்சி அப்படியே நின்றார்.

“அவ போயிட்டா. இறக்கலாம்” என்றார் சாமி.

அவர் காலண்டரைத் தன் பக்கம் திருப்பினார். அச்சில் வந்த நாளிலிருந்து அதை அவர் ஒரு தடவைகூட நிதானமாகப் பார்த்ததில்லை. இப்போது ரொம்ப நேரம் பார்த்தார். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தனை வருஷமும் இவதான் இவரைப் பார்த்துக்கிட்டிருக்கா சாமி. நான் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன்.”

“ம்.”

ஆனால் தவசிலிங்கம் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆளா?

“அதெல்லாம் சரி சாமி. அதுக்காக ஒரிஜினல் ஒரிஜினல் இல்லைன்னு ஆயிருமா? நாளைக்கு என் லட்சுமியையும் திருப்பிப் போடுவான். நானும் பேசாம வரைஞ்சு கொடுக்கணுமா? இடது வலது மாறி, கொம்பு மாறி, நிறம் மாறி வந்து நிக்கிறதை எப்படி சாமி பிள்ளையார்னு ஒத்துக்கறது?”

சாமி கடைசி அவரைக்காயை அரிந்து முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுவரில் இருந்தவரைப் பார்த்தார். அண்ணாச்சி கையில் இருந்தவரைப் பார்த்தார்.

“நியாயமான கேள்வி. ஆனா என்னைக் கேட்கக்கூடாது. அவரைத்தான் கேட்கணும்.”

“யாரை?”

“பிள்ளையாரை. கழுத்துக்கு மேல இருக்கறது ஒரிஜினல் தலைதானான்னு கேளுங்க.”

தவசிலிங்கம் சுவரில் இருந்த யானைத் தலையைப் பார்த்தார்.

பிறகு வந்ததே ஒரு சிரிப்பு! கையில் இருந்த காலண்டர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“ஒரு ஆணியும் சுத்தியலும் குடுங்க சாமி. இவரையும் பக்கத்துலயே மாட்டிட்டுக் கிளம்பணும். அங்க லட்சுமிக்கு இன்னும் கண்ணே திறக்கலை.”