கீரியின் தும்பிக்கை

ஓர் இலையை விரித்தால் யானையே குடை பிடித்துப் போகலாம், அவ்வளவு பெரிய தேக்கு மரங்கள் நின்ற ஒரு காட்டில் சுருளி என்றொரு கீரி இருந்தது. யாரையாவது நாலு கேள்வி கேட்காவிட்டால் அதற்குச் சோறு இறங்காது.

எதிர்மலையில் கரடியம்மாள் விஷக்கடி வைத்தியம் சொல்லிக்கொடுத்து வந்தாள். அங்கே படிக்கவேண்டும் என்பதுதான் சுருளியின் ஒரே ஆசை. இருந்ததோ ஓரிடம். அதில் சேர, பாடம் சொல்லித்தந்த ஆசிரியர் ஒருவர் தேக்கிலையில் சிபாரிசு எழுதி, தம் காலடியைப் பதித்துத் தரவேண்டும்.

யாரிடம் கேட்பது? சுருளி அதிகம் படித்தது முள்ளம்பன்றி வாத்தியாரிடம்தான். ஆனால் அவர் சிடுமூஞ்சி. கேள்வி கேட்டதற்காகவே அதைப் பலநாள் வளைக்கு வெளியே நிற்கவைத்தவர். அவர் எழுதினால் மானம்தான் போகும் என்று நினைத்த சுருளி, யானைப் பேராசிரியரிடம் போனது. யானையின் காலடிக்கு ஏழு காட்டிலும் மதிப்பு. என்ன, அவர் வகுப்பில் சுருளி உட்கார்ந்தது காட்டெருமையின் முதுகுக்குப் பின்னால்.

"நீ அந்த முயல்தானே?" என்றார் யானையார்.

"கீரி, ஐயா."

"எல்லாம் ஒன்றுதான், இந்தா" என்று மறுநிமிடமே காலைப் பதித்து, இலையை நாரால் கட்டிக் கொடுத்துவிட்டார்.

ஆசிரியர் கட்டியதை மாணவர் பிரிக்கக்கூடாது. உள்ளே என்ன இருக்கும் என்று வழியெல்லாம் சுருளிக்கு மூக்கு அரித்தது. அடக்கிக்கொண்டு மலையேறியது.

கரடியம்மாள் பிரித்து வாசித்தாள்: "இவர் நல்ல பிள்ளை. அடக்கமானவர். தும்பிக்கை பலம் மிக்கவர். எவ்வளவு பெரிய மரத்தையும் தள்ளுவார்."

இலையைத் தாழ்த்திச் சுருளியின் மூக்கைப் பார்த்தாள். "அந்தத் தும்பிக்கையை எங்கே ராசா வைத்துவிட்டு வந்தாய்?"

காலையில் வந்த மானும் இதே வாசகத்தோடுதான் வந்ததாம். பொழுது சாய்வதற்குள் சுருளியை உண்மையில் அறிந்த ஒருவரின் சிபாரிசைக் கொண்டுவராவிட்டால், இடம் அடுத்துக் காத்திருக்கும் மரநாய்க்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பினாள்.

சுருளி தலைதெறிக்க ஓடி முள்ளம்பன்றியின் வளைமுன் நின்றது. நடந்ததைக் கேட்ட வாத்தியார், "முதலிலேயே ஏன் வரவில்லை?" என்றார்.

"திட்டி எழுதுவீர்களோ என்று பயம், ஐயா."

"திட்டித்தான் எழுதப்போகிறேன்" என்று முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, இலையில் கீறி, தம் சின்னக் காலடியைப் பதித்துக் கொடுத்தார்.

வெயில் மங்கும் நேரம். கரடியம்மாள் வாசித்தாள்:

"இவன் பெரிய தொல்லை. வாயை மூடமாட்டான். கேட்பதில் பாதி உருப்படாத கேள்வி. ஒருநாள், 'பாம்பு தன் விஷத்தை இரையோடு சேர்த்து விழுங்குகிறதே, அதற்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?' என்றான். வெளியே போய் நில் என்றேன். பதில் தெரியாமல்தான் அப்படிச் சொன்னேன். இன்னும் தெரியவில்லை."

சுருளி தலையைத் தொங்கப்போட்டது. கரடியம்மாள் அந்தக் கடைசி வரியை மறுபடி வாசித்தாள்.

"எனக்கும் தெரியாதே" என்றாள் மெதுவாக. "உள்ளே வா, சேர்ந்து தேடிப்பார்ப்போம்."

நீதி: ஊரறிந்த பெரிய காலடியைவிட, உன்னை அறிந்த சின்னக் காலடியே உனக்குக் கதவு திறக்கும்.